யாராவது போன் போட்டிருப்பாங்க

எங்க அக்காவைக் கட்டிக்கொடுத்தது குப்பம் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து மகாராஜகடை வழியாகப் போனால் கொஞ்ச நேரத்தில் ஆந்திரா வந்துவிடும். பேச்சு மாறாது, கடை போர்டுதான் மாறும். அக்கா வீட்டில் கரண்ட் போனால் "ரெஸ்கோவுக்குப் போன் போடு" என்பார்கள். எங்கள் வீட்டில் "ஈ.பி. போர்டுக்குப் போடு" என்போம். ரெஸ்கோ என்றால் ஏதோ கம்பெனி பெயர் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மின் கூட்டுறவுச் சங்கம், நம்ம ஊர் பால் சொசைட்டிக்கு உறவுக்காரன் மாதிரி என்று எனக்குத் தெரிய வந்தது எங்கள் கொல்லை (வயல்) ட்ரான்ஸ்பார்மர் எரிந்த பிறகுதான்.

அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பங்குனிக் கடைசி. பெங்களூரா மாங்காய் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது, தக்காளி பூவும் பிஞ்சுமாக நின்றது. அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து ஷட்டவுன். சாயங்காலம் கரண்ட் வந்தது. எங்கள் ட்ரான்ஸ்பார்மரில் மொத்தம் 14 விவசாய சர்வீஸ், அதாவது மின் இணைப்பு. 14 பேருடைய ஸ்டார்ட்டரிலும் ஆட்டோ பாக்ஸ். கரண்ட் வந்தால் தானாக மோட்டார் எடுத்துக்கொள்ளும், ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு பாம்பை மிதிக்கப் போக வேண்டாம் என்று எல்லோரும் ஆசையாக வாங்கி மாட்டியது. 14 மோட்டாரும் ஒரே நொடியில் எடுத்தன. நான் வரப்பில் நின்றிருந்தேன். ட்ரான்ஸ்பார்மர் முதலில் அடித்தொண்டையில் உறுமியது. அப்புறம் பட்டென்று ஒரு சத்தம், காய்ந்த எண்ணெய் கருகுகிற வாடை, மேலே கொஞ்சம் புகை. அவ்வளவுதான். பக்கத்துக் கொல்லையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. என் கொல்லையிலும் நின்றது.

ஃபியூஸ் போயிருக்கும், காலையில் லைன்மேன் வந்து கட்டிவிடுவார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் மதியம் வரை யாரும் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. அதற்கு மறுநாள் காலை டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து "பார்த்தீங்களா, ஒருத்தன் எட்டிப் பாக்கல" என்று பேசிக்கொண்டிருந்தோம். பெரியப்பா முறை வேண்டிய ஒருவர், வயது 70-க்கு மேல், கேட்டார்: "யாருப்பா போன் போட்டது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் அவன் போட்டிருப்பான் என்று நினைத்தேன், அவன் நான் போட்டிருப்பேன் என்று நினைத்தான். 14 பேரில் ஒருவர்கூடப் போடவில்லை. ஒன்றரை நாள் தக்காளி வாடியது, எங்கள் வாய் மட்டும் வாடவில்லை.

உடனே ஒருவன் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போட்டான். 94987 94987. இந்த எண் 2021-லிருந்து இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழ்நாடு முழுக்க ஒரே எண். எடுத்த பெண் மரியாதையாகவே பேசினார். "சர்வீஸ் நம்பர் சொல்லுங்க சார்." அவன் என்னைப் பார்த்தான். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். வீட்டு நம்பராவது பில் மெசேஜில் தேடினால் கிடைக்கும். கொல்லை நம்பர்?

இங்கேதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. விவசாயத்துக்கு இலவச மின்சாரம். 1990 வாக்கில் எல்லா விவசாயிக்கும் என்று ஆனதிலிருந்து கொல்லை மோட்டாருக்கு பில் வருவதில்லை. அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அந்தச் சலுகை இல்லாவிட்டால் இந்த வறண்ட மண்ணில் பாதிப் பேர் எப்போதோ ஓசூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போயிருப்போம். ஆனால் பில் வராததால் கையில் ஒரு காகிதமும் வருவதில்லை. என் சர்வீஸ் எண் என்ன, அது யார் பெயரில் இருக்கிறது, எத்தனை எச்.பி. (குதிரைத் திறன்) மோட்டாருக்கு அனுமதி, எந்த ட்ரான்ஸ்பார்மர், ஒன்றும் தெரியாது. காசு கட்டுகிறவனுக்குக் கணக்கு தெரிகிறது. கட்டாதவன் கேட்கவும் கூச்சப்படுகிறான்.

கடைசியில் தாத்தாவின் இரும்புப் பெட்டியில் பத்திரச் சுருளுக்கு நடுவில் பழைய வெள்ளை அட்டை ஒன்று கிடைத்தது. ஓரம் கரையான் தின்றிருந்தது, நல்லவேளை எண்ணைத் தின்னவில்லை. சர்வீஸ் தாத்தா பெயரில். அவர் இறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

புகார் பதிவானது. லைன்மேன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஃபியூஸ் இல்லீங்கண்ணா, காயிலே போச்சு." உள்ளே இருக்கிற கம்பிச் சுற்றுதான் காயில். ஃபியூஸ் கட்டுகிற இடத்தைக் காட்டினார். மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் பந்தல் கட்டுகிற மாதிரி தடிமனாக ஒரு கம்பி. அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று எங்களில் யாரோ கட்டி வைத்த வேலை. யார் என்று யாரும் கேட்கவில்லை. ஃபியூஸ் கம்பி உருகியிருந்தால் ட்ரான்ஸ்பார்மர் பிழைத்திருக்கும். இதையும் சொல்லிவிடுகிறேன்: ட்ரான்ஸ்பார்மரில் கை வைப்பது ஊழியர்கள் வேலை. கரண்டைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சை இறக்கிவிட்டேன் என்ற தைரியத்தில் ஏறி உயிரை விட்டவர்கள் கதை எல்லா ஊரிலும் ஒன்றாவது இருக்கும். எங்கள் அதிர்ஷ்டம், எங்களுக்குப் போனது எண்ணெயும் காயிலும் மட்டும்.

அப்புறம் அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கணக்குப் போட்டார். அது 63 கேவிஏ திறனுள்ள ட்ரான்ஸ்பார்மர். 14 சர்வீஸ், தலைக்கு 5 எச்.பி. என்றே வைத்தாலும் 70 எச்.பி. மோட்டார் இழுக்கிற கணக்கில் பார்த்தால் இந்த ட்ரான்ஸ்பார்மர் சுகமாகத் தாங்குவது 50 எச்.பி. சுமார். சரி, எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கொடுப்பது. ஆனால் மோட்டார் எடுக்கிற அந்த முதல் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். 14 ஆட்டோ பாக்ஸும் ஒரே நொடியில் தட்டினால்? "இதுல உண்மையிலேயே எல்லாம் அஞ்சுதானா?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. போர் ஆழம் கூடக் கூட நாலு பேர் 7.5-க்கு மாறியிருந்தோம், எழுதிக் கொடுக்காமல். நானும் ஒருவன்.

"தண்ணி எறங்க எறங்க நீங்க மோட்டாரைப் பெருசாக்குறீங்க. ட்ரான்ஸ்பார்மரு தானா வளருமாண்ணா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வேறு ட்ரான்ஸ்பார்மர் ஏறி நின்று மோட்டார் எடுக்கும் வரை என் தக்காளியில் முதல் பறிப்பு போச்சு. அந்த நாட்களில் அக்கா வீட்டுக்காரர் ஒரு காரியமாக வந்திருந்தார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "உங்க ஊர்ல எத்தினி பேருக்கு அந்த ட்ரான்ஸ்பார்மர்ல பங்கு?" என்றார். பங்கா? என்ன பங்கு மாமா, சர்வீஸ்தான் இருக்கு என்றேன். அப்போதுதான் அவர் ரெஸ்கோ பற்றிச் சொன்னார். கரண்ட் தயாரிப்பதெல்லாம் இல்லை. அரசு மின் நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி, குப்பம் வட்டாரத்துக்குச் சில்லறையாகக் கொடுப்பது. பால் சொசைட்டியைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான். பால் வீடுவீடாகச் சேர்ந்து ஒன்றாகப் போகிறது, கரண்ட் ஒன்றாக வந்து வீடுவீடாகப் போகிறது.

பிறகு நானே தேடிப் படித்தேன். 1969-ல் டெல்லியில் கிராமிய மின்மயமாக்கல் கழகம் தொடங்கியபோது, அமெரிக்க ஆலோசனையோடு சோதனையாக ஐந்து இடங்களில் இந்த மாதிரிச் சங்கம் வைத்தார்கள். கர்நாடகத்தில் ஹுக்கேரி, அப்போதைய ஆந்திரத்தில் சிர்சில்லா, குஜராத்தில் கோடினார், மகாராஷ்டிரத்தில் முளா-பிரவரா, உத்தரப் பிரதேசத்தில் லக்னோ பக்கம். குப்பத்துச் சங்கம் பிறகு வந்தது. அமெரிக்காவில் 1930-களில் தனியார் கம்பெனிகள் பண்ணைவீடுகளுக்குக் கம்பி இழுத்தால் லாபம் வராது என்று விட்டுவிட்டார்கள். 1935-ல் ரூஸ்வெல்ட் அதற்கென்று ஒரு அமைப்பு வைத்துக் கடன் கொடுக்க, விவசாயிகளே சங்கம் வைத்துக் கம்பி இழுத்துக்கொண்டார்கள். பயன்படுத்துகிறவனே உறுப்பினர், ஆளுக்கு ஒரு ஓட்டு, வருஷத்துக்கு ஒரு மகாசபை, கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும். சங்கம் என்று பெயர் வைத்ததால் மட்டும் எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. முளா-பிரவரா வாங்கிய மின்சாரத்துக்குப் பாக்கி ஏறி 2011-ல் உரிமத்தை இழந்தது. சிர்சில்லாவில் 2022 டிசம்பரில் இயக்குநர் தேர்தல் நடந்தது, கட்சித் தேர்தல் மாதிரியே பரபரப்பாக. உலகக் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழில் ஐந்தாவது என்ன தெரியுமா? உறுப்பினருக்குக் கல்வி, பயிற்சி, தகவல். ஒன்பது வருஷம் பால் சொசைட்டியில் செயலாளராக இருந்திருக்கிறேன், சுவரில் மாட்டியிருந்த அந்தப் பட்டியலை ஒருநாளும் ஐந்தாவது வரி வரைக்கும் படித்ததில்லை.

ஆனால் படிக்காமலே அதைச் செய்துகொண்டுதான் இருந்தோம். சொசைட்டி வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் பாலில் கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடச்சத்து), லிட்டருக்கு என்ன விலை விழுந்தது, பட்டுவாடா எந்தத் தேதி, தீவனம் வந்திருக்கிறதா. ஒருமுறை நான் அவசரத்தில் பழைய விலையை எழுதிவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "என்னா சாமி, ரெண்டு ரூவா எங்க போச்சு?" என்று எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவமானமாக இருந்தது. ட்ரான்ஸ்பார்மர் எரிந்த வாரத்தில் அந்தப் பாட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. பாலில் ரெண்டு ரூபாய்க்கு ஆள் இருந்தது, கரண்டில் ஒன்றரை நாளுக்கு ஆள் இல்லை.

14 பேரையும் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டேன். 11 பேர் வந்தார்கள். பதிவு, ரப்பர் ஸ்டாம்ப், தலைவர் பதவி எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், பதவி என்று வந்தால் ஊரில் இரண்டு கட்சி ஆகிவிடும். முதல் வேலையாக ஒரு நோட்டில் 14 பேருடைய சர்வீஸ் எண், யார் பெயரில் இருக்கிறது, அனுமதி எத்தனை எச்.பி., உண்மையில் ஓடுவது எத்தனை. கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் நேரம் பிடித்தது. நான் முதலில் "7.5" என்று என் பெயருக்கு நேராக எழுதினேன், அதற்கப்புறம் மற்ற மூன்று பேரும் சொன்னார்கள். நாலு பேருமே பிறகு கூடுதல் பளுவுக்கு எழுதிக் கொடுத்தோம்.

அடுத்து ஆட்டோ பாக்ஸ். அதைக் கழற்றச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், எனக்கே மனசு வராது. ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் கரண்ட் வந்து எத்தனை நேரம் கழித்து எடுக்க வேண்டும் என்று திருப்பி வைக்க ஒரு குமிழ் இருக்கும். வாங்கின நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை. மோட்டார் மெக்கானிக் பையனை அழைத்துக்கொண்டு ஒரே நாளில் 14 ஷெட்டும் சுற்றினோம். முதல் மோட்டார் அரை நிமிஷத்தில், அடுத்தது ஒரு நிமிஷத்தில், அதற்கடுத்தது ஒன்றரை. கடைசி மோட்டார் என்னுடையது, ஆறு நிமிஷம். யார் முதல், யார் கடைசி என்று சண்டை வரும் என்று தெரியும், அதனால்தான் கடைசியை நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் குமிழ் இல்லாத பழைய பெட்டி இரண்டு இருந்தது, அவர்கள் கையால் போட்டுக்கொள்கிறார்கள்.

யார் எப்போது ஓட்டுவது என்று முறை வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மும்முனை மின்சாரம் பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று இருந்த காலத்தில் முறை வைக்க வழியே இல்லை. வரும்போது எல்லோரும் பாய வேண்டியதுதான். மூன்று ஃபேஸும் இல்லாமல் ரெண்டு ஃபேஸ் மட்டும் வருகிற நேரத்திலும் கண்டன்சர் வைத்து ஓட்டி மோட்டாரைக் கருக்கியவர்கள் எங்களில் உண்டு. இப்போது நேரம் கூடியிருப்பதால் ஏழு பேர் காலை, ஏழு பேர் மதியத்துக்கு மேல் என்று பிரித்தோம். ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "என் போர், என் மோட்டார், நான் எப்ப வேணா போடுவேன்" என்றார். சரி என்று விட்டுவிட்டோம். சித்திரையில் லோ வோல்டேஜில் அவர் மோட்டார் சூடேறி நின்றபோது அவரே வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இன்றைக்கும் அவர் இஷ்டத்துக்குத்தான் ஓட்டுகிறார். 13 பேர் முறைப்படி நடந்தால் ஒருவரை ட்ரான்ஸ்பார்மர் தாங்குகிறது.

பால் சொசைட்டிப் பலகையின் இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டு கரண்டுக்கு இடம் வாங்கினேன். ஷட்டவுன் அறிவிப்பு பேப்பரில் துணை மின் நிலையம் பெயரோடும் ஊர்ப் பெயர்களோடும் வந்துவிடும், அதைப் பார்த்து முதல் நாளே எழுதிவிடுவது. புகார் கொடுத்தால் யார் கொடுத்தது, எத்தனை மணிக்கு, புகார் எண் என்ன. இந்த மூன்றும் பலகையில் இருந்தால் மற்ற 13 பேர் திரும்பப் போட வேண்டாம், யாராவது போட்டிருப்பாங்க என்று எல்லோரும் சும்மா இருக்கவும் முடியாது. ஒவ்வொரு மோட்டார் ஷெட் சுவரிலும் சர்வீஸ் எண்ணையும், ட்ரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் அதன் பெயரையும் பெயின்டில் எழுதச் சொன்னேன். கூலிக்காரர்கூடப் பார்த்துப் படித்துப் போன் போடலாம்.

மெசேஜ் கதை ஒன்று. 2022 கடைசியில் ஆதார் இணைக்கச் சொன்னபோது ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துச் செய்தோம். போன் கொண்டுபோகாதவர்களுக்குச் சென்டர்காரர் தன் நம்பரையே போட்டுவிட்டார். அப்புறம் பில் எவ்வளவு, கடைசித் தேதி எது என்பதெல்லாம் அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது! எங்கள் சித்தி வீட்டுக்கு உண்மையான மெசேஜ் ஒன்றுகூட வந்ததில்லை. வந்தது ஒரே ஒரு மெசேஜ், அதுவும் பொய். "பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30-க்கு இணைப்புத் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழைக்கவும்" என்று பத்து இலக்க எண். சித்தி பயந்துபோய் அழைத்து, அவன் சொன்ன ஆப்பை இறக்கப் போகும்போது பேரன் போனைப் பிடுங்கினான். சொந்த எண் பதிவாகி, மாதம் தவறாமல் உண்மையான மெசேஜ் வந்து பழகியிருந்தால் பொய் எது என்று சித்திக்கே பார்த்ததும் தெரிந்திருக்கும். எண்ணை மாற்றுவது ஆன்லைனிலேயே முடியும், பிரிவு அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம். ஊரில் இதைச் செய்துமுடிக்கவே இரண்டு மாதம் ஆனது.

தாத்தா பெயரை மாற்றுவதற்கு வாரிசுச் சான்றிதழ், பட்டா, கூட்டுப் பட்டாதாரர்களின் சம்மதம் என்று கேட்டார்கள். அதில் பெங்களூரில் இருக்கிற தம்பியிடம் கையெழுத்து வாங்கியதுதான் பெரிய வேலை. அதைப் பற்றித் தனியாக எழுதலாம், இப்போது வேண்டாம்.

புகார் கொடுத்தும் நடக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை கோட்ட அலுவலகத்தில் மேற்பார்வைப் பொறியாளர் நடத்தும் குறைதீர் கூட்டம் இருக்கிறது, தேதி பேப்பரில் வரும். அதற்கு மேல் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதிலும் திருப்தி இல்லை என்றால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். 2003-ம் வருஷ மின்சாரச் சட்டத்திலேயே இந்த இரண்டுக்கும் இடம் இருக்கிறது, வக்கீல் இல்லாமல் நாமே போகலாம். நாங்கள் குறைதீர் கூட்டம் வரைக்கும் ஒருமுறை போனோம், இரண்டாவது ட்ரான்ஸ்பார்மர் கேட்டு. 14 பேர் எச்.பி. கணக்கும் அந்த நோட்டிலிருந்து படி எடுத்து வைத்தோம். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "இதை யார் தயார் பண்ணது?" என்றார். மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். கம்பம் மட்டும் வந்து இறங்கியிருக்கிறது, ரோட்டோரம் கிடக்கிறது, பிள்ளைகள் அதில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்கள்.

போன வருஷம் கோடை மழைக் காற்றில் மாமரக் கிளை விழுந்து மேலக்கொல்லையில் கம்பி அறுந்து கிடந்தது. முதலில் பார்த்தது பால் கொண்டுவந்த ஒரு பெண். சொசைட்டிக்கு வந்ததும் பாலைக்கூட ஊற்றாமல் சாக்பீஸைக் கேட்டு வாங்கி எழுதியது: "மேலக்கொல்ல கம்பி கீழ. மாட்ட ஓட்டாதீங்க. போன் பண்ணியாச்சு 5.50." எழுத்துப் பிழையோடு அது இரண்டு நாள் பலகையில் இருந்தது. எனக்கு அழிக்க மனசு வரவில்லை.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது பொட்டென்று விளக்கு அணைந்தது. எட்டிப் பார்த்தால் எதிர்வரிசையில் எரிகிறது, எங்கள் வரிசையில் மட்டும் இல்லை. அக்கா மெழுகுவர்த்தி தேடினாள். மாமா இலையிலிருந்து கையெடுக்கவில்லை.

"போன் போட்டாச்சா மாமா?"

"பக்கத்துல யாராவது போட்டிருப்பாங்க, நீ சாப்புடு."

நான் இலையை மூடாமல் எழுந்து, செல்போன் வெளிச்சத்தில் அலமாரியைத் திறந்தேன்.

"பில்லு எங்க வெச்சிருக்கீங்க மாமா?"